கிடார் பெட்டியும் நம் கடைச் சரக்கும்: ஒரு வணிகப் பாடம்

மளிகைக் கடைக்காரருக்கும் கிடார் வாத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயத் திருவிழா, தமீம் அன்சாரி தர்கா விசேஷம், மீனவர் குப்பங்களின் அம்மன் திருவிழா, கடற்கரை ஓட்டல்களில் நடக்கும் கல்யாண வரவேற்பு என்று எதை எடுத்தாலும் மேடை உண்டு, பாட்டு உண்டு. 2013ஆம் ஆண்டில் அலைச்சறுக்கு, இசை, யோகா மூன்றையும் சேர்த்து ஒரு விழாவே நம் கடற்கரையில் தொடங்கப்பட்டது. மேடை போட்டால் மைக் செட் வரும், ஜெனரேட்டர் வரும், பந்தல் வரும். பின்னாலேயே நம் கடையிலிருந்து அரிசி, எண்ணெய், சோடா, தண்ணீர் பாட்டில் போகும். மைக் செட் வாடகைக்கு விடுபவரும் நம்மைப் போல முதல் போட்டுக் கடை நடத்தும் வியாபாரிதான். அவர் தொழிலில் வரும் மாற்றம் நம் தெருவுக்கு வராமல் போகாது.

கடந்த முப்பது ஆண்டுகளாக உலகம் முழுவதும் கிடார் மேடைகளில் ஒரு பெரிய மாற்றம் நடந்து வருகிறது. ஆள் இரண்டு பேர் தூக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயர் பெட்டி இருந்த இடத்தில், காலடியில் வைக்கும் ஒரு சிறிய டிஜிட்டல் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு சரக்கை இன்னொரு சரக்கு எப்படி வெளியேற்றுகிறது, அதற்கு எத்தனை காலம் பிடிக்கிறது, பழைய சரக்கை வைத்திருப்பவர் என்ன செய்து பிழைக்கிறார் என்பதைப் படிப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். ஆகவே இம்மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

பழைய பெட்டி என்றால் என்ன?

எலக்ட்ரிக் கிடாருக்கு வீணையைப் போலக் குடம் கிடையாது. கம்பி அதிர்வதைக் காந்தச் சுருள் ஒன்று மிகச் சிறிய மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மின்சாரத்தைப் பெருக்கி ஒலிபெருக்கியில் கொடுத்தால்தான் சபைக்குக் கேட்கும். பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்ப்ளிஃபயர். அந்தக் காலத்து ரேடியோவைப் போல அதற்குள் கண்ணாடி வால்வுகள் இருக்கும். சூடேற நேரம் எடுக்கும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல்கூட மின்னழுத்தம் ஓடும். தெரியாதவர் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து.

1970களுக்குள் ரேடியோவிலும் மைக் செட்டிலும் டிரான்சிஸ்டர் வந்து வால்வைத் துரத்திவிட்டது. ஆனால் கிடார்காரர்கள் மட்டும் வால்வை விடவில்லை. காரணம் இதுதான். வால்வு ஆம்ப்ளிஃபயரை அளவுக்கு மீறி முடுக்கினால் ஒலி சற்றே உடைந்து, கரகரப்போடு, இனிமையாகக் கேட்கும். மைக் செட்டில் அது குறை. கிடாரில் அதுவே ருசி. கிடார் வாசிப்பவருக்கு ஆம்ப்ளிஃபயர் ஒலியைப் பெரிதாக்கும் சாதனம் மட்டும் அல்ல, வாத்தியத்தின் பாதி. அம்மியில் அரைத்த சட்னிக்குத் தனி ருசி என்று சொல்லி மிக்ஸியை ஒதுக்கிவைத்த குடும்பங்களை நாம் அறிவோம். அதே பிடிவாதம்தான் இங்கும் இருந்தது. அந்தப் பிடிவாதத்தில் உண்மையும் இருந்தது.

பாரம்தான் பெரிய தொல்லை. ஃபெண்டர் நிறுவனத்தின் ட்வின் ரிவெர்ப் என்ற பெட்டி சுமார் 29 கிலோ. மார்ஷல் நிறுவனத்தின் நான்கு ஸ்பீக்கர் கொண்ட அடிப்பெட்டி மட்டும் சுமார் 36 கிலோ. அதன் மேல் வைக்கும் வால்வுப் பெட்டி தனி. அரை மூட்டை அரிசிக்கு மேல் எடை, ஆனால் அரிசி மூட்டையைப் போலத் தூக்கிப் போடவும் முடியாது.

ஒரு சில்லறைக் கடைக்காரரின் கதை

மார்ஷல் என்ற பெயர் உலகப் புகழ் பெற்றது. அது ஒரு சில்லறைக் கடையிலிருந்து கிளம்பியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜிம் மார்ஷல் என்பவர் டிரம்ஸ் வாசிப்பவர், டிரம்ஸ் கற்றுத் தரும் ஆசிரியர். 1960ஆம் ஆண்டில் லண்டனின் மேற்குப் பகுதியில் உள்ள ஹான்வெல் என்ற இடத்தில் வாத்தியக் கடை வைத்தார். டிரம்ஸ் விற்கத் தொடங்கிய கடைக்குக் கிடார் வாசிக்கும் இளைஞர்கள் வந்து போனார்கள். அவர்கள் விரும்பியது அமெரிக்காவின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர். அது இங்கிலாந்துக்கு வந்து சேரும்போது விலை எட்டாத உயரத்தில் இருந்தது.

வாடிக்கையாளர் கடைக்கு வந்து, "இது இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். மார்ஷல் அதைக் கவனித்து மனத்தில் குறித்துக்கொண்டார். தம் கடையில் பழுது பார்க்கும் வேலையில் இருந்த கென் பிரான் என்பவரையும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஃபெண்டர் பாஸ்மேன் என்ற பெட்டியின் அமைப்பை அடிப்படையாக வைத்து, கிடைத்த உள்ளூர்ப் பாகங்களைக் கொண்டு 1962ஆம் ஆண்டில் ஒரு ஆம்ப்ளிஃபயர் தயாரித்தார். பாகங்கள் வேறாக இருந்ததால் ஒலியும் சற்று வேறாக இருந்தது. அந்த வேறுபாடே பிற்பாடு மார்ஷலின் முத்திரை ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் வாடிக்கையாளர்கள் இன்னும் அதிக சத்தம் கேட்டார்கள். 100 வாட் பெட்டி வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கறுப்புப் பெட்டிகள் மேடையின் அடையாளமே ஆகிவிட்டன.

இதில் முதல் பாடம் உண்டு. "இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு தடவையும் வாடிக்கையாளர் நமக்கு ஒரு தகவலை இலவசமாகத் தந்துவிட்டுப் போகிறார். அதைக் குறித்து வைக்க ஒரு நோட்டு போதும்.

டிஜிட்டல் பெட்டி வந்த வழி

டிஜிட்டல் முறையில் நடப்பது இதுதான். கிடாரிலிருந்து வரும் மின்சாரத்தை இயந்திரம் ஒரு நொடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை அளந்து எண்களாக்குகிறது. ஒரு குறிப்பிட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் அந்த மின்சாரத்தை எப்படி மாற்றியிருக்கும், ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கர் பெட்டி அதை எப்படி ஒலித்திருக்கும் என்பதைக் கணக்கிட்டு, எண்களை மாற்றி, மறுபடி மின்சாரமாக வெளியே விடுகிறது. இதெல்லாம் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் முடிந்துவிடும். வாசிப்பவர் கைக்கும் காதுக்கும் இடையே தாமதம் தெரியாது. வெளியே வரும் ஒலி நேராக மிக்ஸருக்குப் போகிறது. மேடையில் ஸ்பீக்கர் பெட்டியும் வேண்டாம், அதன் முன் மைக்கும் வேண்டாம்.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1995இல் இந்த வழியில் ஒரு கருவியை வெளியிட்டது. 1996இல் அமெரிக்காவின் லைன் சிக்ஸ் நிறுவனம் டிஜிட்டல் முறையில் பல ஆம்ப்ளிஃபயர்களைப் போல ஒலிக்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. 1998இல் அதே நிறுவனம் வெளியிட்ட பாட் என்ற சிவப்பு நிறச் சிறு கருவி, மொச்சைக் கொட்டை வடிவத்தில் இருக்கும். வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஆனால் மேடைக் கலைஞர்களில் பலர் அதைப் பொம்மை என்றுதான் நினைத்தார்கள்.

2006இல் ஃப்ராக்டல் ஆடியோ நிறுவனத்தின் ஆக்ஸ் எஃப்எக்ஸ் வந்தது. 2011ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் கெம்பர் நிறுவனம், ஒருவர் வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயரையே அளந்து அதன் குணத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும் கருவியைக் கொடுத்தது. 2013 டிசம்பரில் மெட்டாலிகா என்ற புகழ் பெற்ற அமெரிக்கக் குழு அண்டார்டிகாவில் அர்ஜென்டினா நாட்டு ஆய்வு நிலையத்தில் கச்சேரி செய்தது. அங்குள்ள சூழலைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக ஒலிபெருக்கியே வைக்கவில்லை. வந்திருந்தவர்கள் அனைவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். அந்த இடத்துக்கு உயரமான ஸ்பீக்கர் அடுக்குகளால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. டிஜிட்டல் கருவி சத்தமில்லாமல் வேலையை முடித்தது. 2015இல் லைன் சிக்ஸ் நிறுவனத்தின் ஹீலிக்ஸ் வந்தபோது கேலி அநேகமாக ஓய்ந்துவிட்டது.

கணக்குப் பாருங்கள். முதல் கருவி வந்ததிலிருந்து பெரிய மேடைகள் ஏற்றுக்கொள்ளச் சுமார் 15 முதல் 20 ஆண்டுகள். கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கு இது குறுகிய காலம். கவனித்துக்கொண்டிருந்தவருக்குத் தம் சரக்கை மெல்ல மாற்றிக்கொள்ள வேண்டிய அளவு நீண்ட காலம்.

ஏன் மாறினார்கள்?

டிஜிட்டல் பெட்டியின் ஒலி பழையதைவிட இனிமை என்பதால் யாரும் மாறவில்லை. "ஏறக்குறைய அதே ஒலி" என்ற நிலை வந்ததும் மற்றக் காரணங்கள் தராசை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டன. அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, ஏற்றுக் கூலி. விமானத்திலோ ரயிலிலோ 60 கிலோ பெட்டிகளைக் கொண்டுபோவதற்கும், தோளில் மாட்டும் பையில் ஒரு கருவியைக் கொண்டுபோவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு பயணத்திலும் ரூபாயாகவே எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டு, நேரம். ஒரே மேடையில் நான்கு குழுக்கள் அடுத்தடுத்துப் பாடும் விழாவில், பெட்டியை மாற்றி வைத்து, மைக்கைச் சரிசெய்து, ஒலியைப் பார்ப்பதற்குள் கூட்டம் எழுந்துவிடும். டிஜிட்டல் கருவியில் ஒரு ஒயரைச் செருகினால் முடிந்தது.

மூன்று, ஒரே சீரான தரம். தாம்பரம் மண்டபத்திலும் கோவளம் மணலிலும் ஒரே ஒலி. நம் கடற்கரையின் உப்புக் காற்றும், ஜெனரேட்டர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கமும் பழைய பெட்டியை ஒரு நாள் ஒரு மாதிரி பேச வைக்கும்.

நான்கு, சத்தக் கட்டுப்பாடு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அளவும் உண்டு. மேடையில் நிற்கும் கிடார் பெட்டியே அலறினால் மிக்ஸரில் இருப்பவர் என்ன குறைத்தும் பயனில்லை. எல்லா ஒலியும் மிக்ஸர் வழியாகவே போனால் ஒரே கையில் கட்டுப்பாடு இருக்கும்.

ஐந்து, உதிரிப் பாகம். இன்று கிடார் வால்வு தயாரிக்கும் பெரிய ஆலைகள் உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவே. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில்தான் அவை முக்கியமாக இருந்து வந்துள்ளன. 2022ஆம் ஆண்டில் போர் மூண்டு ரஷ்யாவிலிருந்து ஏற்றுமதி தடைப்பட்டபோது வால்வு கிடைப்பது அரிதாகி விலை ஏறியது. மூன்று நாடுகளை நம்பியிருக்கும் சரக்கு எந்த நேரமும் நின்றுபோகலாம் என்பதற்கு இது சாட்சி.

இந்த ஐந்து காரணங்களில் கிடார் வாசிப்பவரின் காது சம்பந்தப்பட்டது எத்தனை? ஏறக்குறைய ஒன்றுமில்லை. விழா நடத்துபவர், ஒலிப் பொறுப்பாளர், வேன் வாடகை கொடுப்பவர், அக்கம்பக்கத்தார் ஆகியோரின் காரணங்களே அத்தனையும். இது நமக்கு இரண்டாவது பாடம். சரக்கைப் பயன்படுத்துபவர் ஒருவர், வாங்கும் முடிவை எடுப்பவர் இன்னொருவர். பயன்படுத்துபவரின் புகழ்ச்சியை மட்டும் நம்பிக் கொள்முதல் செய்தால் சரக்கு தேங்கும்.

நம் நாட்டிலேயே நடந்த மாற்றம்

இதே மாற்றத்தைக் கர்நாடக இசை மேடை முன்பே பார்த்துவிட்டது. தம்புரா இல்லாமல் கச்சேரி இல்லை. தஞ்சாவூரில் பலா மரத்திலும், மகாராஷ்டிரத்தின் மீரஜ் நகரில் பெரிய சுரைக்குடுக்கையைக் கொண்டும் தம்புரா செய்கிறார்கள். அதற்கு நான்கு கம்பி. சுருதி கூட்டப் பழக்கம் வேண்டும். பின்னால் உட்கார்ந்து மீட்ட ஒருவர் வேண்டும். பஸ்ஸில் எடுத்துப் போவது எளிதல்ல. வீட்டில் தனியாகச் சாதகம் செய்யும் மாணவருக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

பெங்களூரில் 1979இல் ரேடெல் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ஜி. ராஜ் நாராயண், விமானத் தொழில்நுட்பப் பொறியாளர். புல்லாங்குழல் வாசிப்பவரும்கூட. அவருடைய நிறுவனம் எலக்ட்ரானிக் தம்புராவையும் சுருதிப் பெட்டியையும் செய்து விற்றது. முதலில் மாணவர் வீட்டுக்குள் நுழைந்த அந்தப் பெட்டி, பிறகு பாட்டு வாத்தியார் வீட்டுக்குப் போய், பிறகு மேடைக்கும் ஏறியது. இன்று அந்த வேலையைக் கைபேசியில் ஒரு செயலியே செய்துவிடுகிறது. தம்புராவை ஓரங்கட்டிய பெட்டியை, பெட்டியே இல்லாத ஒன்று ஓரங்கட்ட வந்துவிட்டது. மாற்றம் ஒரு தடவையோடு நிற்பதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். புதிய சரக்கை வாங்கும்போதே அதற்கும் ஆயுள் உண்டு என்று கணக்கிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஆனால் தம்புரா மறைந்துவிட்டதா? இல்லை. மேடையில் தம்புராவும் பெட்டியும் சேர்ந்தே ஒலிக்கும் கச்சேரிகள் பல. தஞ்சாவூர் வீணை 2013இலும், மீரஜ் சிதாரும் தம்புராவும் 2024இலும் புவிசார் குறியீடு பெற்றன. விற்பனை எண்ணிக்கையில் குறைந்தாலும், தரமான கைவேலைக்கு வாங்குபவர் இருக்கிறார். நடுத்தரச் சரக்குதான் நடுத்தெருவில் நிற்கிறது.

பழைய நிறுவனங்கள் என்ன செய்தன?

பழைய பெட்டி விற்று வாழ்ந்த பெரிய நிறுவனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மூன்று விதமாக ஈடுகொடுத்தன.

ஃபெண்டர் நிறுவனம் 2019இல் தன் பழைய பெட்டிகளையே டிஜிட்டல் முறையில் செய்து டோன் மாஸ்டர் என்ற பெயரில் விற்றது. டீலக்ஸ் ரிவெர்ப் என்ற வால்வுப் பெட்டி சுமார் 19 கிலோ. அதே தோற்றத்தில் வந்த டோன் மாஸ்டர் சுமார் பத்தரை கிலோ. பழையதையும் நிறுத்தவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்று வாடிக்கையாளரிடம் விட்டது.

ஸ்பீக்கர் செய்து புகழ் பெற்ற இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனம், 2017 முதல் தன் ஸ்பீக்கர்கள் ஒலிக்கும் விதத்தை அளந்து, அந்த அளவையே கணினிக் கோப்பாக விற்கத் தொடங்கியது. ஸ்பீக்கரை வாங்காதவரிடமும் ஸ்பீக்கரின் குணத்தை விற்றது. லாரிக் கூலி கிடையாது, உடைசல் கிடையாது.

மார்ஷல் பெயரோ ஹெட்போனிலும் வீட்டு ஸ்பீக்கரிலும் ஏறியது. அந்தச் சரக்குகளை உரிமம் பெற்று விற்று வந்த சுவீடன் நாட்டு நிறுவனமே 2023இல் மார்ஷல் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. ஜிம் மார்ஷல் 2012இல் காலமானார். அவர் சம்பாதித்துவைத்த நல்ல பெயர் பெட்டியைவிட அதிக காலம் ஓடுகிறது.

சிறு பணப்பைக்கு ஒரு பெரிய சரக்கு

இந்த மாற்றத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. விலை உயர்ந்த பத்துப் பெட்டிகளின் ஒலியை ஒரே கருவியில் பெற முடிவதால், ஊர் மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் ஏழைப் பையனுக்கும் அந்த ஒலி எட்டியது. மளிகைக் கடைக்காரர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு, சிறு பாக்கெட்டில் ஏழை வீட்டுக் குளியலறைக்குள் நுழைந்தது நமக்கு நினைவிருக்கும். பாட்டில் வாங்க முடியாதவருக்குப் பாக்கெட் கிடைத்தது. கயிற்றில் சரமாகத் தொங்கவிட்டு விற்ற நமக்கும் வியாபாரம் கூடியது. விலை குறைந்த மாற்றுச் சரக்கு வரும்போது பழைய வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்று மட்டும் பயப்படக் கூடாது. இதுவரை நம் கடைக்கு வராதவர் எத்தனை பேர் வருவார் என்றும் பார்க்க வேண்டும்.

இழப்பும் உண்டு

நியாயமாகப் பேசினால் புதிய பெட்டியின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். வால்வுப் பெட்டியை விவரம் தெரிந்த ஒரு ரேடியோ மெக்கானிக் உள்ளூரிலேயே பிரித்துச் சரிசெய்வார். டிஜிட்டல் கருவியில் சிப் போனால் கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டால் மென்பொருளும் நின்றுபோகும். முன்பு ஒரு பெட்டி கெட்டால் பக்கத்துப் பெட்டியில் செருகிச் சமாளிக்கலாம். இப்போது எல்லாம் ஒரே கருவியில் இருப்பதால், அது நின்றால் கச்சேரியே நின்றுவிடும். சிறந்த பழைய பெட்டிகளின் விலை ஏறியிருப்பதும் உண்மையே. அது பெயர் பெற்ற சில மாடல்களுக்கு மட்டும். நம் குடோனில் தூசி படிந்து கிடக்கும் சாதாரணப் பெட்டிக்கு அந்த யோகம் வரும் என்று காத்திருக்கக் கூடாது.

புதிய கருவி புதிய செலவையும் கூடவே கொண்டுவரும் என்பதை நம் கடைத் தராசிலேயே பார்க்கலாம். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, எடைக்கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. விலையை மட்டும் பார்த்து வாங்குபவர் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்.

தேங்கும் சரக்கைக் கணக்கிடும் முறை

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். வாடகைக் கடைக்காரர் ஒருவர் ரூ.1,00,000 போட்டுப் பழைய முறை ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினார். நாள் வாடகை ரூ.1,000. சென்ற ஆண்டு 40 நாள் ஓடியது, வரவு ரூ.40,000. இந்த ஆண்டு 15 நாள்தான் ஓடும் என்று தெரிகிறது, வரவு ரூ.15,000. இதில் ஏற்றுக் கூலி நாளுக்கு ரூ.300 வீதம் ரூ.4,500, பழுதுச் செலவு ரூ.6,000. கையில் நிற்பது ரூ.4,500.

இன்று விற்றால் ரூ.45,000 கிடைக்கும். ஒரு வருஷம் கழித்து விற்றால் ரூ.30,000தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் காத்திருப்பதால் கிடைப்பது ரூ.4,500. இழப்பது ரூ.15,000. நிகர நட்டம் ரூ.10,500. "ஒரு லட்சம் போட்டேனே, 45 ஆயிரத்துக்கு எப்படிக் கொடுப்பது?" என்று அவர் மனம் கேட்கும். போட்ட ஒரு லட்சம் போனது போனதுதான். இன்று முடிவு செய்ய வேண்டியது அடுத்த ஆண்டைப் பற்றி. வாங்கிய விலையைப் பார்த்து விற்க மறுப்பது முதலுக்கே மோசமாக முடியும்.

இதே கணக்கை நம் அலமாரிக்கும் போடலாம். நாட்டில் மெட்ரிக் முறை வந்து, 1962 ஏப்ரலில் கிலோ எடை கட்டாயமானபோது வீசைக் கல்லும் சேர்க் கல்லும் பழைய இரும்பு விலைக்குப் போயின. ஒலிநாடா விற்ற கடைகளில் கடைசிக் கட்டு நாடாக்களுக்கு அந்த விலைகூடக் கிடைக்கவில்லை. முன்கூட்டியே இருப்பைக் குறைத்தவர் தப்பினார்.

மாற்றம் நிலைக்குமா? நாலு கேள்வி

ஒரு புதிய சரக்கு வெறும் கவர்ச்சியா, நிலைக்கப்போகிறதா என்று அறிய இந்த நாலு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. வாங்குபவரின் கூலி, நேரம், இடம் இவற்றில் எதையாவது நிச்சயமாக மிச்சப்படுத்துகிறதா? மிச்சப்படுத்தினால் அது நிலைக்கும்.

2. முதலில் யார் வாங்குகிறார்கள்? மாணவரும் புதியவரும் வாங்கத் தொடங்கினால், நாளைய பெரிய வாடிக்கையாளரின் பழக்கம் இன்றே உருவாகிறது என்று பொருள். பாட் கருவியும் சுருதிப் பெட்டியும் அப்படித்தான் நுழைந்தன.

3. பழைய சரக்கின் உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் கிடைக்கிறார்களா? அவர்கள் அரிதாகும்போது நம் இருப்பைக் குறைக்கத் தொடங்க வேண்டும்.

4. பழைய சரக்கைச் செய்யும் கம்பெனியே புதியதைச் செய்ய ஆரம்பித்துவிட்டதா? ஃபெண்டர் செய்ததைப் போல நடந்துவிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

நாலுக்கும் "ஆம்" என்று பதில் வந்தாலும் கடன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. முதல் சீசனில் புதிய கருவியைப் பக்கத்து ஊர்க்காரரிடம் வாடகைக்கு எடுத்து, நாம் மறு வாடகைக்கு விடலாம். லாபம் குறைவு, ஆனால் எத்தனை நாள் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். வாங்குமுன் நம் பகுதியில் சர்வீஸ் எங்கே, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பில் முறைப்படி உண்டா என்று எழுத்தில் பெற வேண்டும். வட்டிக்கு வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், 15 நாள் வாடகையிலேயே மாதத் தவணை கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். 40 நாள் ஓடும் என்ற ஆசையை வைத்துத் தவணை நிர்ணயிக்கக் கூடாது.

நம் கடைக்கு இதில் என்ன?

மளிகை வியாபாரத்திலும் இதே கதை நடக்கிறது. கைபேசிச் செயலியில் தட்டினால் சில நிமிடங்களில் வீட்டு வாசலில் பருப்பும் பாலும் வந்து இறங்கும் முறை நகரங்களில் பரவி, புறநகரையும் எட்டிப் பிடித்து வருகிறது. மேலே சொன்ன முதல் கேள்வியைக் கேட்டால் பதில் "ஆம்" என்றே வரும். வாங்குபவரின் நேரம் மிச்சமாகிறது. இளைஞர்கள்தான் முதலில் வாங்குகிறார்கள். ஆகவே இதை இரண்டு நாள் கவர்ச்சி என்று தள்ளிவிடக் கூடாது.

அதே சமயம் டிஜிட்டல் பெட்டி எதைப் படியெடுத்தது, எதை விட்டுவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அளக்க முடிந்ததைப் படியெடுத்தது. வால்வின் குணம், ஸ்பீக்கரின் ஒலி எல்லாம் அளவுக்குள் அடங்கின. இரவு ஒன்பது மணிக்கு ஒயர் அறுந்து மேடை ஊமையாகிவிட்டால், சைக்கிளில் வேறு ஒயரோடு வந்து நிற்கும் வாடகைக் கடைக்காரரை எந்தப் பெட்டியும் படியெடுக்கவில்லை. பல ஊர்களில் மைக் செட்காரர் இன்னும் தொழிலில் நிற்பது அவருடைய பெட்டிக்காக அல்ல, அந்த வருகைக்காக.

நம் கடையிலும் விலைப்பட்டியலைப் படியெடுக்கலாம், பாக்கெட்டைப் படியெடுக்கலாம், வேகத்தைப் படியெடுக்கலாம். 200 பேர் சாப்பாட்டுக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் எண்ணெய் என்று கேட்டவுடன் சொல்லி, மிஞ்சிய பிரிக்காத மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வதைச் செயலி செய்வதில்லை. மீன் பிடிக்கப் போக முடியாத புயல் வாரத்தில் குப்பத்து வீட்டுக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பதையும் செய்வதில்லை. புளி இந்தத் தடவை சரியில்லை, அடுத்த வாரம் வாங்குங்கள் என்று வாய்விட்டுச் சொல்வதையும் செய்வதில்லை. இவற்றைச் செய்யும் கடைக்கு இடம் உண்டு. இவற்றைச் செய்யாமல் பாக்கெட்டை மட்டும் எடுத்துக் கொடுக்கும் கடைக்குத்தான் ஆபத்து. அந்தக் கடை இன்றைக்கே செயலியோடு வேகப் போட்டியில் இறங்கிவிட்டது. அதில் அது ஜெயிக்கப் போவதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுதி வரும்படி கேட்டுக்கொள்கிறோம். முதல் பட்டியலில், கடந்த ஆறு மாதத்தில் விற்காமல் நிற்கும் சரக்கும் அதன் இன்றைய விலையும். இரண்டாவதில், வாடிக்கையாளர் கேட்டு நாம் "இல்லை" என்று சொன்ன சரக்கு. மூன்றாவதில், காசு வாங்காமல் நாம் செய்து தரும் உதவிகள். முதல் பட்டியலைக் குறைப்பதும், இரண்டாவதிலிருந்து கொள்முதல் செய்வதும், மூன்றாவதை வளர்ப்பதும் எப்படி என்று சேர்ந்து பேசுவோம். மைக் செட், பந்தல், ஜெனரேட்டர் தொழில் நடத்தும் அன்பர்களும் தவறாமல் வர வேண்டும். மேலே காட்டிய வாடகைக் கணக்கை அவரவர் சொந்த எண்களைப் போட்டுச் செய்து பார்த்துக்கொண்டு வந்தால் பேச்சு பயனுள்ளதாக இருக்கும்.